காவலியின் கடமை நேரம்

“அத எழுத்துல தாங்க சேர்” என்று கேட்டேன்.

பணிப்பாளர் காலிதீன் கையில் இருந்த பேனையை மூடினார். பக்கத்து மேசையில் றாஹிலா மிஸ் பிளேன்டீக் கோப்பையை வாய்க்குப் பக்கத்திலேயே நிறுத்தினார். கதவடியில் வரிசையில் நின்ற நாலு பேரும், நான் அவர்களோடு வந்தவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதென்று, ஓரடி பின்னால் போனார்கள்.

அரசாங்கக் கந்தோரில் அப்படிக் கேட்கக் கூடாது. எனக்குத் தெரியாமல் இல்லை. பாலமுனையில் எங்கள் குடும்பத்திலிருந்து கெம்பஸ் வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். பட்டம் கையில் கிடைத்த அன்றே உம்மா என்னைக் குசினி அடுப்படிக்குக் கூப்பிட்டுத் தன் பங்குக்கு ஒரு பட்டமளிப்புரை ஆற்றினார்.

“மகள், இனி நீ வேலைக்கெண்டு கந்தோர் கந்தோராப் போவாய். கதிரையில இரிக்கிற ஆள் என்ன சொன்னாலும் ஓம் எண்டுட்டு வா. கோவம் வந்தா வெளியில வந்து என்னோட கத்து. எழுத்துல தாங்க எண்டு மட்டும் ஒரு நாளும் கேட்டுராத. அப்பிடிக் கேட்டவன்ட பேர அவங்க எழுதி வெச்சிக்குவாங்க.”

இரண்டு வருடம் நான் கேட்கவில்லை. வேலையும் கிடைக்கவில்லை. அது வேறு கதை. இந்தக் கதை எங்கள் வீட்டுச் சூட்டைப் பற்றியது.

எங்களுடையது சுனாமியில் கடல் அடித்த பிறகு கட்டிக் கொடுத்த வீடு. கட்டிக் கொடுத்தவர்கள் நல்ல மனிதர்கள். படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மேலே கூரைக்குச் சீற். அதற்குக் கீழே சீலிங் கிடையாது. அதற்கும் கீழே என் வாப்பா அப்துல் ஸமட். நெல் ஆலையில் முப்பது வருடம் மூட்டை தூக்கிய மனிதர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது பக்கத்தையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு போனது. போகும்போது ஒரே ஒரு சொல்லை மட்டும் மறந்து விட்டுவிட்டுப் போனது. ‘ஓம்.’

பசிக்கிறதா என்றால் ஓம். பசிக்கவில்லையா என்றாலும் ஓம். “சூடா இரிக்கா வாப்பா?” என்று கேட்பேன். “ஓம்” என்பார். அது மட்டும் உண்மையான ஓம் என்பது கண்ணில் தெரியும்.

நோன்பு முடிந்து சித்திரை வெயில் பிடித்தபோது, பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த அறையில் வெப்பமானி நாற்பத்தொன்று காட்டியது. வெப்பமானி கெம்பஸ் ஆய்வுகூடத்தினுடையது. நான் திருப்பிக் கொடுக்க மறந்தது. கட்டில் மெத்தை கொதிக்கிறதென்று வாப்பாவைத் தரையில் பாய் விரித்துச் சுவரோரமாகக் கிடத்தினோம். முதுகில் புண் வந்தது. உம்மா சாக்கை நனைத்துக் கூரையில் எறிவார். கால் மணித்தியாலத்தில் அது அப்பளம் மாதிரிக் காய்ந்துவிடும். ஆஸ்பத்திரியில் டொக்டர் சுற்றி வளைக்கவில்லை.

“இந்த வேர்வையில கிடந்தா புண் ஆறாது. புண் உள்ளுக்குப் போனா மறுகா எங்கட கையில ஒண்டும் இல்ல. முதல்ல அறையக் குளிராக்குங்க.”

அந்த வெள்ளிக்கிழமைதான் பள்ளிவாசலில் அறிவித்தார்கள். வீடுகளில் சூட்டைக் குறைக்க வெளிநாட்டு உதவியில் ஒரு வேலைத்திட்டம் வருகிறதாம். கந்தோர் கல்முனையில். நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அவசரப்பட்டுவிட்டேன்.

கொழும்பிலிருந்து வந்த சுற்றறிக்கையில் ஒரு வசனம் இருந்தது. ‘வெப்பம் உட்புகாத வண்ணம் ஒவ்வொரு வீட்டினதும் சுவர், தரை, உட்கூரை ஆகிய மூன்றுக்கும் உட்புறமாகக் காவலி இடப்படல் வேண்டும்.’

பத்தாம் ஆண்டு விஞ்ஞானம் படித்த எந்தப் பிள்ளைக்கும் இது விளங்கும். வெப்பத்தைக் கடத்துவது கடத்தி. கடத்தாமல் மறிப்பது காவலி. சுடுதண்ணீர்க் கேத்தலின் கைப்பிடி ஒரு காவலி. தெர்மோஸ் போத்தலின் உள்ளே இருப்பதன் வேலையும் அதுதான். வீட்டுக்கு உள்பக்கமாக அப்படி ஒன்றை ஒட்டுங்கள் என்பதைத்தான், கொழும்பில் யாரோ ஒரு புண்ணியவான் அகராதி பார்த்து, ஒரு பிழையும் இல்லாமல் எழுதியிருந்தார்.

அதுதான் வினையாகிப் போனது. கொழும்பிலிருந்து எங்கள் பக்கத்துக்கு வரும் தமிழ் எப்போதும் கையொடிந்து காலொடிந்துதான் வரும். ‘கைகளைக் கழுவவும்’ என்பது ‘கைகளை நழுவவும்’ என்று வந்து ஒரு மாதம் சுவரில் ஒட்டியிருந்தது. வருவதைத் திருத்துவது எங்கள் கந்தோர்களின் பரம்பரைக் கடமை. ஆகவே முதல் தடவையாகச் சரியான தமிழ் வந்து இறங்கியபோது அதை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

திறப்பு விழாவில் பணிப்பாளர் காலிதீன் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார். சிவப்புப் பேனையால் ஒரு வட்டம் போட்டிருந்தது.

“பாருங்க, ‘காவலி’யாம். அப்பிடி ஒரு சொல் தமிழில இரிக்கா? உலகத்துல இரிக்கா? நான் திருத்தினன். ஒரு ‘லா’வப் போட்டு, கடைசி ‘லி’ய ‘ளி’ ஆக்கினன். ‘காவலாளி.’ கருத்து எப்பிடித் தெளிவாகிட்டுப் பாத்தீங்களா? இந்த மண்ணில பிறந்த ஒருத்தன் இந்தக் கதிரையில இருக்கோணும் எண்டு நான் மேலிடத்துல போய்ச் சண்ட பிடிச்சது இதுக்குத்தான்.”

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பகிடி என்று நினைத்தேன்.

பகிடி இல்லை. அடுத்த கிழமை கந்தோர் வாசலில் பலகை மாறியது: ‘கரையோர வீடுகள் உட்புறக் காவலாளியிடல் வேலைத்திட்டம்.’ ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று காவலாளிகள். சுவருக்கு ஒருவர், தரைக்கு ஒருவர், உட்கூரைக்கு ஒருவர். விண்ணப்பிக்கிற குடும்பங்கள் ஒரு நாள் பயிற்சிக்கு வர வேண்டுமென்று சொன்னார்கள். குளிரூட்டிய மண்டபத்தில் பயிற்சி. எனக்கு முன்னால் இருந்த தாய்க்கு நடுங்கியது. முந்தானையால் போர்த்துக்கொண்டு வெப்பத்தைப் பற்றிக் குறிப்பெடுத்தார்.

“வெப்பம் பெரும்பாலும் பகலிலதான் வரும்” என்று பணிப்பாளர் விளக்கினார். “காலம பத்து மணி வரைக்கும் அது வெளி வளவுக்குள்ள சும்மா நிக்கும். அது வரைக்கும் நாங்க ஒண்டும் செய்ய ஏலா, வளவு எங்கட எல்லைக்குள்ள இல்ல. பத்துக்குப் பிறகு உள்ளுக்கு வரப் பாக்கும். அந்த நேரம் காவலாளி விழிப்பா இருக்கோணும். வந்த நேரம், போன நேரம் ரெண்டையும் பதிவேட்டுல போடோணும்.”

பின்வரிசையில் மீன் விற்கும் காக்கா ஒருவர் எழும்பினார். “சேர், வெப்பம்தான் வருகிது எண்டு எப்பிடி அடையாளம் காணுற?”

பணிப்பாளர் கொஞ்சம் யோசித்தார். “நல்ல கேள்வி. அடையாள அட்டை இல்லாத எதையும் உள்ளுக்கு விடாதீங்க.”

மீன்காரக் காக்கா விளங்கினவர் மாதிரி இருந்துவிட்டார். உள்ளே குளிராக இருந்தது, வெளியே போக யாருக்கும் மனமில்லை.

இதற்கிடையில் கொழும்பிலிருந்து லொறியில் சாமான் வந்து இறங்கியது. ஒரு பக்கம் வெள்ளித்தாள், மறுபக்கம் தடித்த நுரை, ஆளுயர ரோல் ரோலாக. சாமானைப் பொருட்பதிவில் என்ன பெயரில் பதிவது என்று றாஹிலா மிஸ் சேரிடம் கேட்டாராம். சேர் ஒரு ரோலை விரலால் அமுக்கிப் பார்த்தாராம்.

“மெத்துமெத்தெண்டு இரிக்கி. சுருட்டி இரிக்கி. காவலாளிக்கு மெத்ததானே?”

“வெள்ளி நிறத்துல இரிக்கே சேர்?”

“இரவுக் கடமையில ஆளத் தெரியோணுமே.”

ஆகவே ‘காவலாளிகளுக்கான படுக்கை விரிப்பு, வெள்ளி நிறம்’ என்று பதிந்து, காரைதீவுச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டோரில் அடுக்கிப் பூட்டினார்கள். காவலாளி ஆளணிக்கு அனுமதி வரவில்லை. ஆளணி இல்லாமல் காவலாளி இல்லை. காவலாளி இல்லாமல் மெத்தை கொடுக்க முடியாது. மெத்தைகளைக் காக்க மட்டும் ஒரு காவலாளியை அவசரமாக நியமித்தார்கள்.

நான் பத்தாம் ஆண்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது என்று தாண்டி கல்முனையில் இறங்கும்வரை அந்தப் பக்கத்தை விரலால் பிடித்துக்கொண்டே போனேன். ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற வயது எனக்கு.

“சேர், இது காவலாளி இல்ல. காவலிதான் சரி. ஸ்டோருல கிடக்குதே, அந்த ரோல்தான் காவலி. அத உள்பக்கமாச் சீலிங்குக்கும் சுவருக்கும் அடிக்கோணும்.”

பணிப்பாளர் புத்தகத்தைத் திருப்பி அட்டையைப் பார்த்தார். “இது எத்தினையாம் ஆண்டுப் புத்தகம்?”

“பத்தாம் ஆண்டு.”

“மகள், நான் பணிப்பாளர் தரம். பத்தாம் ஆண்டுப் புத்தகம் என்னக் கட்டுப்படுத்தாது.”

“அப்ப ஆள் நிண்டு வெப்பத்த எப்பிடித் தடுக்கிற சேர்?”

“அது காவலாளியின்ட திறம. நாங்க நியமிப்பம். அதோட எங்கட கடம முடிஞ்சிடும்.”

வாப்பாவின் முதுகு கண்ணுக்குள் நின்றது. வாயை மூடிக்கொண்டு விண்ணப்பப் படிவத்தை நிரப்பினேன். மூன்று காவலாளிகளின் பெயர் கேட்டிருந்தது. வெறுமையாக விட்டேன். ‘வெப்பம் கடைசியாக உட்புகுந்த திகதி’ என்ற கட்டத்தில் ‘இன்று’ என்று எழுதினேன்.

பத்து நாளில் றாஹிலா மிஸ் வீடு பார்க்க வந்தார். பகல் பதினொன்றரை மணி. குடையை மடக்கி உள்ளே கால் வைத்தவர், “யா அல்லாஹ்!” என்று திரும்பி வாசலடியில் நின்றுகொண்டார். அங்கிருந்தபடியே, எங்கள் விண்ணப்பக் கோப்பால் விசிறிக்கொண்டே, பாயில் கிடந்த வாப்பாவிடம் கேட்கத் தொடங்கினார்.

“நீங்கதானே அப்துல் ஸமட்?”

“ஓம்.”

“இந்த வீட்டுல உட்புறக் காவலாளி ஆரும் இரிக்காரா?”

“ஓம்.”

“சுவருக்கா?”

“ஓம்.”

“தரைக்கும்?”

“ஓம்.”

“மிஸ்” என்று குறுக்கே விழுந்தேன். “வாப்பாக்கு அந்த ஒரு சொல்தான் வரும். என்ன கேட்டாலும் ஓம் எண்டுதான் சொல்லுவாரு.”

“பயனாளி பதில் சொல்லக்குள்ள வேற ஆக்கள் இடையில கதைக்கப்படா தங்கச்சி.”

“இல்ல, பாருங்க. வாப்பா, நீங்க இங்கிலாந்து நாட்டு ராசாவா?”

“ஓம்” என்றார் வாப்பா.

றாஹிலா மிஸ் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். “அதுக்கு இதுல கட்டம் இல்ல” என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். “உட்கூரைக்கும் காவலாளி இரிக்காரா?”

“ஓம்.”

“அந்தக் காவலாளி நீங்கதானா?”

வாப்பா என்னைப் பார்த்தார். உம்மாவைப் பார்த்தார். அவரிடம் வேறு என்ன இருந்தது?

“ஓம்.”

றாஹிலா மிஸ் கெட்டவர் இல்லை. போகும்போது உம்மாவின் கையைப் பிடித்து துஆச் செய்வதாகச் சொன்னார். எழுதியதை மட்டும் மாற்றவில்லை.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. என் வாப்பா உட்புறக் காவலாளியாகப் பதியப்பட்டிருக்கிறார். ஆனால் கடமை நேரத்தில் படுத்திருந்ததாகக் கள அறிக்கை சொல்கிறது. விளக்கம் தர வேண்டும்.

“எழுத்துலயா மிஸ்?”

“ஓம், ஓம். உங்கட பக்கத்தால எழுத்துலதான் தரோணும்.”

எழுதினேன். ‘எனது தந்தை பக்கவாதத்தால் படுத்திருக்கிறார்.’ மறுபடி போன். விளக்கம் ஏற்கப்பட்டதாம். அதற்கு மேலே பாராட்டாம். “சேர் சொன்னாரு, படுத்த படியே உட்கூரையப் பாத்திட்டு இரிக்காரு. தரையில கிடக்காரு. சுவரோட சாஞ்சிரிக்காரு. மூண்டு ஆள்ட வேலைய ஒரு ஆளா, இருபத்திநாலு மணித்தியாலமும் செய்யிறாரு எண்டு. இப்பிடி ஒரு ஊழியர் இந்தக் கந்தோரிலயே இல்லயாம்.”

அது உண்மைதான்.

“அப்ப எங்கட விண்ணப்பம்?”

“உங்கட வீடு பூரணமாக் காவலிடப்பட்ட வீடு தங்கச்சி. கோப்ப மூடியாச்சி.”

உம்மாவிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சாக்கு நனைத்த கையைச் சீலையில் துடைத்துவிட்டுக் கேட்டார். “அப்ப வாப்பாக்கு அரசாங்க உத்தியோகமா?”

“உம்மா!”

“என்ன உம்மா? கெம்பஸுக்குப் போன நீ ரெண்டு வருஷமா வெளியில நிக்கிறாய். பாயில கிடந்த மனிசனுக்கு வீட்டுக்கே வந்து குடுத்திட்டுப் போறாங்க. வாய வெச்சிக்கிட்டுச் சும்மா ஓம் எண்டதாலதானே அவருக்குக் கிடைச்சிது. நான் உனக்கு என்ன சொன்னன்?”

அன்று வாப்பாவைத் திருப்பிக் கிடத்தியபோது இரண்டாவது புண் தெரிந்தது. ரூபாய் நாணயக் குற்றி அளவு. உம்மாவும் கண்டார். அதற்குப் பிறகு உத்தியோகத்தைப் பற்றிக் கதைக்கவில்லை.

பக்கத்து வீட்டு அஸ்கி காக்காவின் ஓட்டோவில் ஏறிக் காரைதீவு ஸ்டோருக்குப் போனேன். ரோலை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஸ்டோர் வாசலில் தகரத்தால் அடித்த ஒரு சின்னக் கொட்டில். அதுதான் அந்த ஒரே காவலாளி புண்ணியமூர்த்தியண்ணனின் கடமை நிலையம். பகல் ஒரு மணி வெயில். தகரத்தில் முட்டை பொரிக்கலாம்.

“உள்ளுக்கு வா புள்ள, வெளியில நிண்டு ஏன் காயிறாய்?” என்றார்.

தலையைக் குனிந்து உள்ளே போனேன். போனவள் அப்படியே நின்றேன். குளிர். கடற்கரைக் காற்றுக் குளிர் இல்லை. மரத்துக்கு அடியில் இருப்பது போல ஒரு அமைதியான குளிர். நிமிர்ந்து பார்த்தேன். கூரைக்குக் கீழே விரலிடை வெளி விட்டு, வெள்ளித்தாள் மேல்பக்கம் இருக்க, நுரை அடித்திருந்தது. சுவர் நான்கிலும் நுரை. காலுக்குக் கீழே, பாய்க்கு அடியில், அதே நுரை. சுவர், தரை, உட்கூரை. சுற்றறிக்கையில் சொன்னபடி, ஒரு எழுத்துப் பிசகாமல்.

“அண்ணன், இத ஆரு உங்களுக்குச் சொல்லித் தந்த?”

“ஆர் சொல்லுற? மெத்த எண்டு எனக்கும் ஒண்டு தந்தாங்க. விரிச்சுப் படுத்தன், கீழ இருந்து சூடு வரல்ல. அப்ப மேல அடிச்சா மேல இருந்தும் வராதுதானே? இதுக்கு என்ன படிப்பு வேணும்?” என்றவர், என் கையிலிருந்த விஞ்ஞானப் புத்தகத்தைக் கண்டு, “குறை நினைக்காத புள்ள” என்றார்.

இந்தக் கரையோரம் முழுவதிலும் காவலி இடப்பட்ட ஒரே கட்டடம் ஒரு காவலாளியின் கொட்டில். நான் கூரையின் உள்பக்கத்தில் கையை வைத்தேன். எங்கள் வீட்டுச் சீற்றில் அப்படி வைத்தால் தோல் உரியும். இது வெதுவெதுப்பாகக்கூட இல்லை.

“வாப்பாட அறைக்கு எத்தின ரோல் போகும் எண்டு நினைக்கிறீங்க?”

அவர் நீளம் அகலம் கேட்டார். சொன்னேன். “மூண்டு போதும். மிச்சமும் வரும். ஆனா மகள், கையில தர ஏலா. என்ட வேலையும் போய் நானும் உள்ள போயிருவன். காவலாளிக்கு மட்டும்தான் குடுக்கலாம் எண்டு சட்டம். நியமனம் எழுத்துல இரிக்கோணும், சேர்ட சீல் இரிக்கோணும். அப்பிடி ஒரு கடதாசி கொண்டு வா, நானே தோளில வெச்சி ஏத்தி விடுறன்.”

“எழுத்துல?”

“ஓம். எழுத்துல.”

மறுநாள் காலையில் கந்தோரே என்னைக் கூப்பிட்டது. திங்கட்கிழமை கொழும்பிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருகிறதாம். கரையோரம் முழுவதிலும் பூர்த்தியான வீடு எத்தனை என்று கேட்பார்களாம். ஒன்று. எங்களுடையது. அறிக்கையில் குடும்பத்தவர் ஒருவரின் கையெழுத்து வேண்டும். அஸ்கி காக்காவின் ஓட்டோவிலேயே போனேன்.

“உங்கட வாப்பாவ முன்மாதிரிக் காவலாளி எண்டு போட்டிரிக்கம்” என்றார் பணிப்பாளர், தாளை என் பக்கம் தள்ளி. “அவர்தான் எங்கட காவலாளி. இதில ஒரு மாற்றமும் இல்ல. கீழ ஒரு கையெழுத்த வை மகள்.”

அந்த இடத்தில்தான் நான் கேட்டேன். அத எழுத்துல தாங்க சேர்.

பேனை மூடப்பட்டது. பிளேன்டீ நின்றது. வரிசை பின்வாங்கியது.

“எதுக்கு மகள் எழுத்து?” பணிப்பாளரின் குரலில் உண்மையான கவலை இருந்தது. “நான் வாயால சொல்றனே. கதைச்சா அது சேவ. எழுதினா அது பொறுப்பு. முப்பது வருஷமா நான் இந்தச் சமூகத்துக்குச் சேவ செய்யிறன். பொறுப்பில ஒரு தடவையும் மாட்டினதில்ல. வேணுமெண்டா ஆரிட்டயும் கேட்டுப் பார்.”

“நீங்க என்னட்ட கேக்குற கையெழுத்து எழுத்துலதானே சேர்?”

றாஹிலா மிஸ் கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

“நியமனம் இல்லாத ஆள எப்பிடி சேர் முன்மாதிரி எண்டு போடுற?” என்றேன். “திங்கட்கிழம வாறவங்க நியமனக் கடிதம் எங்க எண்டு கேட்டா?”

அவர் முகம் மாறியது. கொழும்புக்காரன் ஒருவன் தன் கோப்பில் பிழை பிடிப்பதை அவர் மனக்கண்ணில் கண்டுவிட்டார் போலும். “றாஹிலா, ஒரு கடிதம் எடுங்க” என்றார்.

அவர் சொல்லச் சொல்ல றாஹிலா மிஸ் தட்டச்சில் அடித்தார். நடுவில் நான் ஒரு தடவைதான் வாய் திறந்தேன். “காவலாளிக்குரிய சாமான்களும் கிடைக்குமா சேர்?”

“பின்ன? இந்தக் கந்தோர் தன்ட காவலாளிய வெறுந்தரையில படுக்க வைக்காது.”

“அவருக்கு மூண்டு பதவி சேர்.”

“மூண்டுக்கும் போடுங்க றாஹிலா. குடுக்கிற எண்டா நிறைவாக் குடுக்கோணும்.”

கடிதம் வந்தது. ‘திரு. அப்துல் ஸமட் அவர்கள் சுவர், தரை, உட்கூரை ஆகிய மூன்றினதும் உட்புறக் காவலாளியாக இத்தால் நியமிக்கப்படுகின்றார். காவலாளி ஒருவருக்குரிய படுக்கை விரிப்பினை மேற்படி மூன்று பதவிகளுக்கும் வெவ்வேறாகவும், தாமதமின்றியும், தமது கடமை நிலையத்தில் பெற்றுக்கொள்ள உரித்துடையவராவார்.’ பணிப்பாளர் சிவப்புப் பேனையால் இரண்டு இடத்தில் தமிழைத் திருத்தி, கையெழுத்து வைத்து, சீலில் ஊதி அழுத்தினார். எழுத்தில் தந்த மனிதரின் முகத்தில் ஒரு வெட்கம் கலந்த சந்தோசம். முதல் தடவையாக இருக்கலாம்.

நான் அவருடைய அறிக்கையை எடுத்தேன். கையெழுத்துக்கு மேலே இருந்த இடத்தில் தெளிவாக எழுதினேன். ‘இந்த வீட்டில் காவலி இல்லை. காவலாளி இருக்கிறார். அவருக்கு முதுகில் இரண்டு புண். ஹுஸ்னியா அப்துல் ஸமட்.’ பணிப்பாளர் வாங்கிக் கோப்பில் வைத்தார். வாசிக்கவில்லை. மற்றவர்கள் எழுதியதை வாசிக்கும் பழக்கம் அந்தக் கந்தோரில் இல்லை.

“நீ கெட்டிக்காரப் புள்ள” என்றார். மேசை லாச்சியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். “காவலாளி ஒருங்கிணைப்பாளர். பட்டதாரி ஒருத்தர் வேணும். இதப் பூரணப்படுத்தித் தா, திங்கட்கிழம அந்தக் கதிரையில வந்து இரி. மேல எல்லாம் நான் கதைக்கிறன்.”

வரிசையில் நின்றவர்களில் ஒருவர் ‘மாஷா அல்லாஹ்’ என்றது கேட்டது. றாஹிலா மிஸ்ஸுக்குப் பக்கத்தில் இருந்த கதிரையைப் பார்த்தேன். சக்கரம் வைத்த கதிரை. மேலே சுழலும் மின்விசிறி. இரண்டு வருடமாக உம்மா ஐந்து நேரமும் கையேந்திக் கேட்டது அந்தக் கதிரையைத்தான். நான் சீல் வைத்த தாளோடு வீட்டுக்குப் போனால் அவர் ஊருக்கே சொல்லுவார்.

“ஒரு விசயம் மட்டும்” என்று பணிப்பாளர் சிரித்தார். “அந்தப் பத்தாம் ஆண்டுப் புத்தகத்த வீட்டுல வெச்சிட்டு வா.”

நேற்று அந்தக் கொட்டில் கூரையில் கை வைத்தபோதே முடிவாகிப் போன விசயம். யோசிக்க ஒன்றுமில்லை. நியமனக் கடிதத்தை மடித்துப் புத்தகத்தில், காவலி பற்றிய பக்கத்தில் வைத்தேன். படிவத்தை மேசையிலேயே விட்டேன்.

“மகள், படிவத்த விட்டுட்டுப் போறாய்.”

“ஓம்” என்றேன்.

வரிசை விலகி வழி விட்டது. வெளியே வெயில் முகத்தில் அறைந்தது. அஸ்கி காக்கா ஓட்டோவுக்குள் காலை நீட்டிக் கிடந்தார். என்னைக் கண்டு எழும்பினார்.

“என்ன தங்கச்சி, முகம் ஒரு மாதிரி இரிக்கி. வேல கிடைச்சிட்டா?”

“வாப்பாக்குக் கிடைச்சிரிக்கி காக்கா.”

அவர் விளங்காமல் பார்த்தார். “அப்ப, வீட்டுக்கா?”

“இல்ல. காரைதீவு ஸ்டோருக்கு. கட்டுறத்துக்குக் கயிறு வெச்சிரிக்கீங்களா?”